டப்ளினா, ஸ்டுட்கார்ட்டா, ஐந்தோவனா? ஆஃபர் வராத ஆளையும் கணக்கில் எடுங்கள்

என் சித்தி மகன் போன மாதம் வாட்ஸப்பில் மூன்று தொகையை அனுப்பி, "அக்கா, எதுக்குப் போறது?" என்று கேட்டான். ஸ்டுட்கார்ட் கம்பெனி ஆண்டுக்கு 65,000 யூரோ, டப்ளின் கம்பெனியும் அதே 65,000, நெதர்லாந்தில் ஐந்தோவன் பக்கம் ஒரு கம்பெனி 72,000. அவன் சென்னையில் பேக்எண்ட் டெவலப்பர், வயது 33. மனைவி அங்கேயே ஒரு தனியார் மருத்துவமனையில் ஐசியூ நர்ஸ், எட்டு வருட அனுபவம். மகளுக்கு வருகிற ஜூனில் நாலு வயது முடிகிறது. மூன்று கம்பெனியைப் பற்றியும், மூன்று சம்பளத்தைப் பற்றியும் நிறைய எழுதியிருந்தான், ஆனால் மனைவி அங்கே போய் என்ன செய்வாள் என்பதைப் பற்றி ஒரு வரி இல்லை. அதனால்தான் ஸ்டுட்கார்ட் பக்கம் குடியிருக்கிற நான் இவ்வளவு நீளமாக எழுதுகிறேன், இதே கேள்வியோடு இருக்கிற மற்றவர்களுக்கும் உதவும் என்று.

முதலில் 72,000 விஷயத்தை முடித்துவிடலாம், ஏனென்றால் பெரிய தொகையைப் பார்த்ததும் மனசு அங்கேதான் போகும். நெதர்லாந்தில் நம்மைப் போன்றவர்கள் பெரும்பாலும் போவது கென்னிஸ்மிக்ரான்ட் என்கிற திறன்பணியாளர் அனுமதியில். அதற்கு வயதை வைத்துச் சம்பள வரம்பு உண்டு. 2025இல் 30 வயதுக்குக் கீழே இருந்தால் மாதம் 4,171 யூரோ, 30 ஆகிவிட்டால் 5,688. இந்தத் தொகையில் விடுமுறைப் பணம் சேராது. அங்கே எல்லாருக்கும் 8 சதவீத விடுமுறைப் பணம் தனியாக உண்டு, பொதுவாக மே மாதம் மொத்தமாகக் கையில் வரும். கம்பெனிக்காரர்கள் ஆண்டுத் தொகை சொல்லும்போது பல நேரம் அதையும் சேர்த்தே சொல்வார்கள். தம்பியின் 72,000 அப்படிச் சேர்த்துச் சொன்னதுதான். விடுமுறைப் பணத்தைக் கழித்து 12ஆல் வகுத்தால் மாதம் 5,556 வருகிறது. 5,688க்கு 132 யூரோ குறைவு, அனுமதி கிடைக்காது. 75,000 கொடுத்தால் அந்த 2025 வரம்பைத் தாண்டும், கேட்டுப் பார் என்று சொன்னேன். ஒவ்வொரு ஜனவரியிலும் இந்த வரம்பு ஏறும் என்பதால் விண்ணப்பம் எந்த வருடத்தில் போகிறது என்பதையும் பார்க்க வேண்டும்.

சரி, 75,000 கிடைத்துவிட்டது என்றே வைத்துக்கொள்வோம். கைக்கு வருகிற பணத்தில் நெதர்லாந்தை மற்ற இரண்டும் நெருங்கவே முடியாது, காரணம் 30 சதவீத வரிச் சலுகை. வெளிநாட்டிலிருந்து அழைத்துவரப்பட்ட ஊழியருக்குச் சம்பளத்தில் 30 சதவீதத்துக்கு வரியே கிடையாது. நான் போட்ட கணக்கில், ஓய்வூதியப் பிடித்தத்துக்கு முன்னால், விடுமுறைப் பணத்தையும் பரப்பிப் பார்த்தால் மாதம் 5,200 யூரோ வருகிறது. ஆனால் அந்தச் சலுகை 2027 முதல் 27 சதவீதமாகக் குறைகிறது, அதுவும் அதிகபட்சம் ஐந்து வருடம்தான். ஐந்து வருடம் முடிந்த மறுமாதம் அதே சம்பளத்துக்கு 4,300 பக்கம்தான் கையில் நிற்கும். பலர் அந்த ஐந்து வருட வருமானத்தை நம்பி வீட்டுக்கடன் வாங்கிவிடுகிறார்கள், அப்புறம் ஆறாம் வருடம் திண்டாட்டம். மருத்துவக் காப்பீடும் சம்பளத்தில் பிடிப்பதில்லை. பெரியவர்கள் ஆளுக்கு மாதம் 150 யூரோவை ஒட்டித் தனியாகக் கட்ட வேண்டும், குழந்தைக்கு இலவசம்.

ஜெர்மனியில் 65,000க்குக் கணக்கு வேறு மாதிரி. மனைவிக்கு வருமானம் இல்லை என்றால் கணவனுக்கு வரிப் பிடித்தம் குறைவான மூன்றாம் வரி வகுப்பு கிடைக்கும், அதில் மாதம் சுமார் 3,750 கையில் வரும். தொகையைப் பார்த்தால் சின்னதாகத் தெரியும். ஆனால் மருத்துவக் காப்பீடு அந்தப் பிடித்தத்துக்குள்ளேயே அடங்கிவிட்டது, வருமானம் இல்லாத மனைவியும் குழந்தையும் கூடுதல் காசு இல்லாமல் அதே காப்பீட்டுக்குள் வந்துவிடுவார்கள். குழந்தைக்கு மாதம் 255 யூரோ உதவித்தொகை, கிண்டர்கெல்ட், 2025 கணக்குப்படி. அயர்லாந்தில் அதே 65,000க்கு, மனைவி வீட்டில் இருந்து குழந்தையைப் பார்த்தால் கிடைக்கிற வரிக்கழிவையும் சேர்த்து, மாதம் 4,400 வரும், குழந்தைக்கு 140. ஜெர்மனியைவிடக் கிட்டத்தட்ட 650 கூடுதல். அந்த 650ஐயும், அதற்கு மேல் இன்னும் கொஞ்சத்தையும், டப்ளின் வீட்டு வாடகை எடுத்துக்கொள்ளும்.

வாடகையைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் ஊரிலிருந்து கணக்குப் போடுகிறவர்கள் தவறுவது இதில்தான். தம்பிக்காக மூன்று ஊரிலும் இரண்டு படுக்கையறை வீட்டு விளம்பரங்களை இரண்டு வாரம் பார்த்தேன். ஸ்டுட்கார்ட் பக்கம் வெப்பச் செலவு சேர்த்து 1,300இலிருந்து 1,600, ஐந்தோவன் 1,600இலிருந்து 1,900, டப்ளின் 2,200இலிருந்து 2,600. ஜெர்மனி விளம்பரத்தில் கால்ட்மீட்டே என்று போட்டிருப்பது வெறும் வாடகை. அதோடு தண்ணீர், குப்பை, வெப்பம் எல்லாம் சேர்த்தால் வருவது வார்ம்மீட்டே. இரண்டுக்கும் நடுவே 250, 300 யூரோ சாதாரணமாக வரும். அப்புறம் ஜெர்மனியில் பல வீடுகளில் சமையலறையே இருக்காது. அடுப்பு, தொட்டி, அலமாரி ஒன்றும் இல்லாத வெற்று அறை, சுவரில் தண்ணீர்க் குழாய் மட்டும். முன்பு குடியிருந்தவர் கழற்றிக்கொண்டு போயிருப்பார், அல்லது அதை உங்களிடம் விற்கப் பார்ப்பார். நாங்கள் முதல் வீட்டில் ஆறு வாரம் மின்னடுப்பை ஒரு ஸ்டூல்மேல் வைத்துத்தான் சமைத்தோம். முன்பணம் மூன்று மாத வெறும் வாடகை வரை கேட்கலாம். டப்ளினில் முன்பணம் ஒரு மாதம்தான், வீடும் பெரும்பாலும் சாமான்களோடு வரும், ஆனால் வீடு கிடைப்பதே பெரும்பாடு. ஒரு வீட்டைப் பார்க்க வரிசை நிற்கும். சம்பளச் சீட்டும், முந்தைய வீட்டுக்காரர் கடிதமும் கேட்பார்கள், புதிதாக வந்தவரிடம் இரண்டும் இருக்காது. டப்ளினில் இருக்கிற என் பழைய சகா ஒருவர் குடும்பத்தை ஊரிலேயே விட்டுவிட்டு ஐந்து மாதம் ஒரு வீட்டில் அறையெடுத்துத் தங்கித்தான் வீடு பிடித்தார்.

இதுவரை சொன்னதை வைத்து மட்டும் முடிவெடுத்தால் முதலில் ஐந்தோவன், அடுத்து ஸ்டுட்கார்ட், கடைசியில் டப்ளின். தம்பியும் தன் விருப்பத்தை அந்த வரிசையில்தான் எழுதியிருந்தான்.

நான் 2016இல் ப்ளூ கார்டில், அதாவது பட்டதாரிகளுக்கான ஐரோப்பிய ஒன்றிய வேலை அனுமதியில், ஸ்டுட்கார்ட் பக்கம் வந்தேன். என் கணவர் திருச்சியில் மேல்நிலைப் பள்ளி வேதியியல் ஆசிரியர். பொதுத்தேர்வு முடிவு வந்த நாளில் பெற்றோர்கள் வீட்டுக்கே வந்து பேசிவிட்டுப் போவார்கள், அப்படி ஒரு ஆசிரியர். வருவதற்கு முன் நாங்கள் என் சம்பளத்தையும் வாடகையையும் பள்ளிக்கூடத்தையும் பற்றிப் பேசினோம். அவர் வேலையைப் பற்றி, "போய்ப் பார்த்துக்கலாம்" என்றோம். இங்கே வந்து விசாரித்தால், ஆசிரியராக அங்கீகாரம் பெற இரண்டு பாடம் படித்திருக்க வேண்டும், மொழி ஏறக்குறைய இந்த ஊர்க்காரர் அளவுக்கு வேண்டும். அவருக்கு ஒரு பாடம்தான். காலையில் ஜெர்மன் வகுப்பு, மதியம் சமையல், சாயங்காலம் பையனைக் கூட்டி வருவது என்று மூன்றரை வருடம் போனது. மூன்றரை வருடத்துக்குப் பிறகு ஒரு ஆய்வகத்தில் உதவியாளராக வேலை கிடைத்தது, இப்போதும் அதில்தான் இருக்கிறார். குறை சொல்ல மாட்டார். ஆனால் ஊரிலிருந்து பழைய மாணவன் யாராவது போன் செய்து "சார்" என்று கூப்பிட்டால் அன்றைக்கு முழுக்க அவர் முகம் வேறு மாதிரி இருக்கும். 2016இல் என்னிடம் யாராவது இதைச் சொல்லியிருந்தால் நான் வேறு நாட்டையும் பார்த்திருப்பேன்.

அதனால் தம்பி மனைவியோடு தனியாக ஒரு மணி நேரம் பேசினேன். வேலையை விட முடியாது அண்ணி, ஐசியூதான் எனக்கு எல்லாம் என்றாள். அப்படியென்றால் கேள்வியே மாறிவிடுகிறது. எந்த நாட்டில் அவள் சீக்கிரம் நர்ஸாக நிற்க முடியும்?

மூன்று நாட்டிலும் முதன்மை அனுமதி வைத்திருப்பவரின் மனைவியோ கணவரோ வேலை செய்யலாம், அதில் தடை இல்லை. ஜெர்மனியில் ப்ளூ கார்டுக்காரரின் துணைக்கு வருவதற்கு முன் மொழித் தேர்வுகூடத் தேவையில்லை. ஆனால் நர்ஸ் வேலைக்குத் தனிப் பதிவு வேண்டும், அங்கேதான் நாடுகள் பிரிகின்றன. ஜெர்மனியில் பி2 அளவு ஜெர்மன் (ஏ1இலிருந்து சி2 வரையான ஆறு மொழிப் படிகளில் நாலாவது) வேண்டும், நம் படிப்பை அவர்கள் படிப்போடு ஒப்பிட்டு என்ன குறைகிறது என்று ஒரு கடிதம் தருவார்கள், அதற்கு ஒரு பயிற்சியோ அறிவுத் தேர்வோ முடிக்க வேண்டும். தொடங்கியதிலிருந்து முடிய ஒன்றரை வருடம், இரண்டு வருடம் ஆகிவிடுகிறது. கூடவே நாலு வயதுக் குழந்தையை வைத்துக்கொண்டு பி2 படிப்பது எப்படியிருக்கும் என்று என் வீட்டிலேயே பார்த்தவள் நான். இடையில் நர்ஸிங் உதவியாளராக வேலை பார்க்கலாம், அதில் சம்பளமும் குறைவு, செய்ய விடுகிற வேலையும் குறைவு. எட்டு வருடம் வென்டிலேட்டர் பார்த்தவளுக்கு அது கஷ்டமாக இருக்கும். பதிவு முடிந்துவிட்டால் வேலைக்குப் பஞ்சமே இல்லை, அதையும் சொல்லிவிடுகிறேன். நெதர்லாந்தில் அலுவலகத்தில் எல்லாரும் ஆங்கிலம் பேசுவதால் மென்பொருள்காரர்களுக்கு மொழி ஒரு பிரச்சினையாகவே தெரியாது, மருத்துவமனையில் நோயாளி டச்சுதான் பேசுவார். நர்ஸாகப் பதிய மொழித் தேர்வும் திறன் தேர்வும் உண்டு. சுமை ஜெர்மனி அளவுக்கே.

அயர்லாந்தில் ஆங்கிலம் போதும். ஐஇஎல்டிஎஸ்ஸில் மொத்தம் 7 வேண்டும், அல்லது மருத்துவப் பணியாளர்களுக்கான ஓஇடி தேர்வு எழுதலாம். அப்புறம் அங்குள்ள நர்ஸிங் வாரியத்துக்குச் சான்றிதழ்களை அனுப்ப வேண்டும், அவர்கள் பார்த்து முடிவுக் கடிதம் தருவார்கள், அங்கே போய் ஒரு திறன் தேர்வோ மருத்துவமனையில் சில வாரம் தழுவல் பயிற்சியோ முடித்தால் பதிவு. இதில் முக்கியம் என்னவென்றால் பாதிக்கு மேல் வேலையைச் சென்னையில் இருந்துகொண்டே, இப்போதைய வேலையை விடாமலே முடிக்கலாம். கேரள நர்ஸ்கள் ஆயிரக்கணக்கில் இந்த வழியில் போயிருக்கிறார்கள், அதனால் எந்தத் தாள் எங்கே தாமதமாகும் என்று கேட்டால் சொல்ல ஆள் இருக்கிறது. அரசு மருத்துவமனை நர்ஸுக்குத் தொடக்கச் சம்பளமே ஆண்டுக்கு 35,000 யூரோவைத் தாண்டும். அது வந்து சேர்கிற மாதத்திலிருந்து டப்ளின் வாடகை பயமுறுத்தாது. ஸ்டுட்கார்ட் கணக்கு ஒரு சம்பளத்தில் நன்றாக இருக்கிறது, இரண்டாம் சம்பளம் இரண்டு வருடம் கழித்து வரும். டப்ளின் கணக்கு முதல் ஒரு வருடம் இறுக்கிப் பிடிக்கும், அப்புறம் மூன்றிலும் அதுதான் மேலே.

குழந்தை பள்ளியிலும் டப்ளினுக்கு ஒரு சாதகம். அயர்லாந்தில் நாலு வயதிலேயே தொடக்கப் பள்ளியில் சேர்க்கலாம், செப்டம்பரில், கட்டணம் இல்லை. நெதர்லாந்திலும் நாலு வயதில் பள்ளி. ஜெர்மனியில் பள்ளி ஆறு வயதில்தான், அதுவரை கிட்டா என்கிற மழலையர் கூடம், பெரும்பாலான ஊர்களில் இடத்துக்குக் காத்திருக்க வேண்டும்.

தாள்களைப் பொறுத்தவரை ஜெர்மனியும் அயர்லாந்தும் ஏறக்குறைய சமம். ஜெர்மனியில் ப்ளூ கார்டோடு பி1 மொழி இருந்தால் 21 மாதத்தில் நிரந்தர அனுமதி, ஏ1 மட்டும் இருந்தால் 27 மாதம். எனக்கு 21 மாதத்தில் கிடைத்தது, அந்த நாள் நிம்மதியாகத் தூங்கினேன், அதுவரை என் அனுமதி கம்பெனியோடு கட்டப்பட்டிருந்தது. அயர்லாந்தில் கிரிட்டிகல் ஸ்கில்ஸ் என்கிற, ஆள் தட்டுப்பாடுள்ள வேலைகளுக்கான அனுமதியில் போனால் 21 மாதம் வேலை பார்த்தபின் ஸ்டாம்ப் 4 என்கிற தங்கும் அனுமதி, அதன்பிறகு எந்தக் கம்பெனியிலும் வேலை பார்க்கலாம். அது நிரந்தரம் கிடையாது, புதுப்பிக்க வேண்டும், புதுப்பிக்கிற ஒவ்வொரு முறையும் ஆளுக்கு 300 யூரோ. நெதர்லாந்தில் நிரந்தரத்துக்கு ஐந்து வருடம். இடையில் வேலை போனால் அயர்லாந்தில் ஆட்குறைப்பு என்றால் ஆறு மாதம் அவகாசம், நெதர்லாந்தில் மூன்று மாதம், ஜெர்மனியில் ப்ளூ கார்டு வாங்கி இரண்டு வருடம் ஆகவில்லை என்றால் மூன்று மாதம், ஆனபின் ஆறு. குடியுரிமை மூன்றிலும் இப்போது ஐந்து வருடக் கணக்குதான், ஜெர்மனியிலும் நெதர்லாந்திலும் மொழித் தேர்வு உண்டு, அயர்லாந்தில் இல்லை. அதை வாங்கினால் இந்தியக் குடியுரிமையை விட வேண்டும் என்பதால் இப்போதைக்கு அந்தப் பேச்சை எடுக்க வேண்டாம்.

டப்ளினுக்கு எதிராகவும் சொல்ல வேண்டியதைச் சொல்கிறேன். 2025 ஜூலை, ஆகஸ்டில் டப்ளினிலும் சுற்றுப் பகுதிகளிலும் இந்தியர்கள் தாக்கப்பட்டார்கள், இந்தியத் தூதரகமே பாதுகாப்பாக இருக்கச் சொல்லி அறிவுரை வெளியிட்டது. என் சகாவிடம் கேட்டேன். பயந்து வீட்டுக்குள் இருக்கவில்லை, ஆனால் இரவில் தனியாக நடப்பதை விட்டுவிட்டேன் என்றார். இரவுப் பணி முடிந்து வருகிற நர்ஸுக்கு இது சின்ன விஷயம் கிடையாது, வீடு பார்க்கும்போது மருத்துவமனையிலிருந்து எவ்வளவு தூரம், பேருந்து எத்தனை மணி வரை என்பதையும் வாடகையோடு சேர்த்துப் பார்க்கத்தான் வேண்டும். மருத்துவரைப் பார்க்க அயர்லாந்தில் ஒவ்வொரு முறையும் 60 யூரோவை ஒட்டிச் செலவாகும், எட்டு வயதுக்குக் கீழே குழந்தைகளுக்கு இலவசம். ஒரே விசாவில் பல ஐரோப்பிய நாடுகளுக்குப் போய்வரக்கூடிய ஷெங்கன் பகுதியில் அயர்லாந்து இல்லை, அதனால் பாரிஸ் பார்க்கப் போகவும் தனி விசா எடுக்க வேண்டும்.

அப்புறம் அப்பா அம்மா. இதில் ஜெர்மனிக்கு ஒரு பெரிய சாதகம் புதிதாக வந்திருக்கிறது. 2024 மார்ச் 1க்குப் பிறகு முதல்முறை அனுமதி வாங்குகிற திறன்பணியாளர்கள் பெற்றோரையும் மாமனார் மாமியாரையும் கூட்டிவந்து கூடவே வைத்துக்கொள்ள விண்ணப்பிக்கலாம். 2016இல் வந்த எனக்கு அது கிடையாது. என் அம்மா 90 நாள் விசாவில் வந்து, பேரனோடு ஒட்டிக்கொள்கிற நேரத்தில் கிளம்புவார். ஆனால் புதிதாக வருகிறவர்களும் ஒன்றைப் பார்க்க வேண்டும்: பெற்றோருக்கு மருத்துவக் காப்பீடு நீங்கள்தான் காட்ட வேண்டும், 65 வயதில் சர்க்கரையும் ரத்த அழுத்தமும் உள்ளவருக்குத் தனியார் காப்பீடு கிடைப்பது அரிது, கிடைத்தாலும் தொகை தலைசுற்றும். சட்டம் கதவைத் திறந்திருக்கிறது, காப்பீடு அதை முக்கால்வாசி மூடிவிடுகிறது. அயர்லாந்திலும் நெதர்லாந்திலும் வருகை விசாதான் நடைமுறையில் வழி.

ஊர்க்காரர்கள் துணை என்று பார்த்தால் ஜெர்மனிதான். 1983க்குப் பிறகு வந்த ஈழத்தமிழர்கள் கடைகள், கோயில்கள், தமிழாலயம் என்கிற வார இறுதித் தமிழ்ப் பள்ளிகள் எல்லாம் கட்டி வைத்திருக்கிறார்கள். ஹாம் நகரத்துக் காமாட்சி அம்பாள் கோயில் தேருக்கு ஒருமுறை போனால் எந்த நாட்டில் இருக்கிறோம் என்பதே மறந்துவிடும். என் பையன் தமிழ் எழுதக் கற்றது அவர்கள் நடத்திய வகுப்பில்தான், அந்தக் கடன் எனக்கு உண்டு.

கையில் ஆஃபர் இல்லாதவர்களும் என்னிடம் கேட்கிறார்கள். 2024 ஜூனிலிருந்து ஜெர்மனியில் சான்ஸன்கார்ட்டே என்று வேலை தேட ஒரு வருட அனுமதி இருக்கிறது. 2025 கணக்கில் மாதம் 1,091 யூரோ வீதம் ஒரு வருடத்துக்கு 13,092 யூரோ முடக்கக் கணக்கில் (மாதாமாதம் ஒரு அளவுக்கு மட்டுமே எடுக்க முடிகிற வங்கிக் கணக்கு) காட்ட வேண்டும், வாரம் 20 மணி நேரம்தான் வேலை செய்யலாம். கடன் வாங்கி அதைச் செய்யாதீர்கள். குறைந்தது பி1 ஜெர்மன் படித்துவிட்டு வந்தால் ஒரு வழி இருக்கிறது.

சரி, என் தீர்ப்பு. துணைவர் கொஞ்ச காலம் வீட்டில் இருக்க மனதார விரும்பினால், குழந்தையும் சின்னது என்றால், ஜெர்மனி. காப்பீடும் வரி வகுப்பும் அந்தக் குடும்பத்துக்கு ஏற்றபடி அமைந்திருக்கிறது. இரண்டு பேரும் மென்பொருள், இருவரில் ஒருவராவது வரம்பைத் தாண்டுகிறார் என்றால் நெதர்லாந்து, ஆறாம் வருடத்துக் கணக்கை முதல் வருடமே போட்டுவிட்டு. ஒருவர் மென்பொருள், மற்றவர் நர்ஸ் என்கிற தம்பி குடும்பத்துக்கு அயர்லாந்து, ஆனால் முடிந்தால் டப்ளினுக்கு வெளியே. நர்ஸ் வேலை கார்க், லிமரிக், கால்வே எல்லா ஊரிலும் இருக்கிறது, வாடகை குறைகிறது. தம்பியின் கம்பெனி வாரத்தில் எத்தனை நாள் அலுவலகம் வரச் சொல்கிறது என்பதில்தான் அது நிற்கிறது.

இதையெல்லாம் இருவரையும் சேர்த்து உட்கார வைத்துச் சொன்னேன். தம்பி மனைவி நோட்டில் எழுதிக்கொண்டே இருந்தாள். கடைசியில், இரண்டு பேருக்கும் ஒரே நேரத்தில் வேலை, எனக்கு இரவுப் பணி வந்தால் பாப்பா யாரிடம் இருப்பாள் அண்ணி என்று கேட்டாள். அதற்கு என்னிடம் முழுப் பதில் இல்லை. தம்பி இரவில் வீட்டில்தான் இருப்பான், காலை ஏழிலிருந்து பள்ளி திறக்கும் வரை அவன் பார்க்க வேண்டும், அதற்கு அவன் கம்பெனி ஒத்துவர வேண்டும். அதையும் கேள்விப் பட்டியலில் சேர்த்தோம். அவள் ஓஇடிக்குப் பணம் கட்டிவிட்டாள். டப்ளின் கம்பெனிக்கு அவன் மூன்று கேள்வி அனுப்பியிருக்கிறான்: முதல் ஒரு மாதம் தங்க இடம் தருவீர்களா, வாரத்தில் எத்தனை நாள் அலுவலகம், காலையில் பத்து மணிக்குத் தொடங்கலாமா. ஸ்டுட்கார்ட்காரர்களிடம் இரண்டு வாரம் அவகாசம் கேட்டு வைத்திருக்கிறான்.